அரிவரிக்குப் போன கொண்டை

மங்கையற்கரசியின் தலைமயிருக்கு அன்று விடியற்காலையில் கிடைத்த மரியாதை அதற்கு முன் ஒருநாளும் கிடைத்ததில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் மயிர்; அவிழ்த்துவிட்டால் தோளை மட்டுமட்டாகத் தொடும். அதற்கு முதல்நாளே வெந்தயமும் தேசிக்காயும் அரைத்துத் தேய்த்து முழுகவார்த்து, சாம்பிராணிப் புகை காட்டி வைத்திருந்தாள் சீதேவி. விடிந்ததும் பெட்டியைத் திறந்து, தன் கலியாணத்தன்று தான் வைத்துக் கட்டிய சவுரியை எடுத்தாள். ஒரு முழத்துக்கு மேல் நீளமான ஒட்டுமயிர். அதைச் சுருட்டிப் பிள்ளையின் உச்சந்தலையில் நிறுத்தி, கறுத்த நூலால் சுற்றி இறுக்கி, பன்னிரண்டு கொண்டையூசி குத்தி, அதன்மேல் கனகாம்பரச் சரத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள்.

அந்தப் பன்னிரண்டு ஊசியும் சும்மா வந்தவை அல்ல. யுத்தம் தொடங்கியபின் கடைகளில் கொண்டையூசியைக் கண்ணால் காண்பதே அரிதாகிவிட்டது. "கப்பல் வந்தாத்தான் தங்கச்சி ஊசி வரும். இப்ப வாற கப்பலெல்லாம் குண்டுதான் கொண்டு வருது" என்று சிரித்த கடைக்கார ஸெய்னுதீன் நானா, சீதேவி கடைவாசலை விட்டு நகராததைக் கண்டு, தன் வீட்டு ஆட்களுக்கென்று ஒளித்து வைத்திருந்த ஊசிக்கட்டில் பாதியைக் கொடுத்திருந்தார்.

"அம்மா, நோகுது."

"பொறு மகள். அரிவரி வகுப்புக்குப் போற பிள்ளை வடிவாப் போக வேணாமோ?"

"சின்னம்மா ரெண்டு பின்னல்தான் போடுறவ. நோகாது."

சீதேவி நூலை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

சின்னம்மா என்பது இரத்தினேஸ்வரி. சீதேவியின் கணவன் யோகராசாவுக்கு ஒரே தம்பி சிவபாதம். அந்தத் தம்பியின் மனைவி. கலியாணம் முடித்து ஆறு வருடமாகியும் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் துறைமுகத்து டொக்யாட்டில் வேலை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வளவு, ஒரு கிணறு, ஒரு குசினி. இரண்டு பெண்களுக்கும் இடையில் முன்பெல்லாம் ஒரு சொல் பிழைத்தது கிடையாது. எல்லாம் குண்டு விழும்வரைக்கும்தான்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு வருசப்பிறப்புக்கு நாலைந்து நாள் முன்னதாகத் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை தலைக்குமேல் நிற்க, ஊர் முழுவதும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இவர்கள் ஓடியது இரத்தினேஸ்வரியின் தாய்வீடு இருந்த கிளிவெட்டிக்கு. மங்கைக்கு அப்போது மூன்றரை வயது. போன மறுகிழமையே சீதேவியைக் காய்ச்சல் பிடித்தது. நடுங்கி நடுங்கி மூன்று மாதம் பாயில் கிடந்தாள். பிள்ளை சின்னம்மாவின் பாய்க்கு மாறியது. காய்ச்சல் விட்டு எழும்பியபோது டொக்யாட்டில் இருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆள் வந்துவிட்டது. அவர்களுக்குச் சோறு ஆக்க ஆள் வேண்டும். பட்டினத்திலோ எந்த நேரம் அபாயச் சங்கு ஊதும் என்று சொல்லமுடியாது. "பிள்ளை இஞ்ச நிக்கட்டும் அக்கா. நான் பாக்கிறன். நீங்கள் யோசியாமல் போங்கோ" என்றாள் இரத்தினேஸ்வரி. சீதேவியும் யோசியாமல் போனாள். யோசிக்கிற வேலை எல்லாம் பிறகு வந்தது, பதினேழு மாதம் தொடர்ந்து.

போன மார்கழியில் மூதூரில் இருந்து வரும் லோஞ்சுப் படகில் பிள்ளை வந்து இறங்கியபோது சீதேவி இறங்குதுறையிலேயே நின்றாள். கையை நீட்டினாள். மங்கை அவளை நன்றாகப் பார்த்தது; பிறகு இரத்தினேஸ்வரியின் சேலைத் தலைப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டது. "அம்மாவடி! உன்ர அம்மா! போ!" என்று இரத்தினேஸ்வரி பிடித்துத் தள்ளியதும் வந்தது. பிடித்துத் தள்ளி வந்த பிள்ளை.

அன்றிலிருந்து சீதேவி கணக்குப் பார்க்காத நாள் இல்லை. விழுந்தால் யாரைக் கூப்பிட்டு அழுகிறது, சோற்றுக் கோப்பையை யாரிடம் கொண்டு போகிறது, உறக்கத்தில் யார் பக்கம் புரள்கிறது என்று ஒவ்வொன்றும் மனதில் விழுந்தபடி இருந்தது. பிள்ளையின் இடது முழங்காலில் பிறை மாதிரி ஒரு தழும்பு. அது எப்போது, எதில் விழுந்து வந்தது என்று இரத்தினேஸ்வரியிடம் கேட்டுத்தான் அறியவேண்டியிருந்தது. தான் பெற்ற உடம்பில் தனக்குத் தெரியாத ஓர் அடையாளம்! அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் இரத்தினேஸ்வரியோடு நீ என்று பேசுவதை விட்டு, அயலாளோடு பேசுவதுபோல நீர் என்று பேசத் தொடங்கினாள்.

எல்லாவற்றையும் பொறுத்தாலும் ஒன்றை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. போன விஜயதசமிக்குக் கிளிவெட்டியில் மங்கைக்கு ஏடு தொடக்கினார்கள். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, பிள்ளையை மடியில் இருத்தி, விரல் பிடித்து முதல் எழுத்து எழுதுவிக்கிற சடங்கு. "அக்காவும் அத்தானும் கட்டாயம் வரவேணும்" என்று கடிதம் வந்திருந்தது. இவர்கள் புறப்பட்டு இறங்குதுறைக்குப் போனால், கடற்படைக்காரர் குடாவில் ஏதோ வேலை என்று அந்தக் கிழமை லோஞ்சையே நிறுத்திவிட்டார்கள். நல்லநாள் யாருக்காகவும் காத்து நிற்காது. பிள்ளை சின்னம்மாவின் மடியில் இருந்து எழுதியது.

ஏடு தொடக்கின நாள் போய்விட்டது. இனிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாள் ஒன்றுதான் மிச்சம். அந்த நாளாவது தன்னுடையதாக இருக்கவேண்டும், பார்க்கிற கண்கள் எல்லாம் இது சீதேவியின் பிள்ளை என்று சொல்லவேண்டும் என்று அவள் உறுதியாக இருந்தாள். கொண்டை எழும்பியது அந்த உறுதியில்தான்.

"இஞ்சேர், நேரமாகுது" என்று யோகராசா முற்றத்தில் இருந்து குரல் கொடுத்தான். "அரிவரியில முப்பது பேருக்குத்தான் இடமாம். போன கிழமையே இருபத்தேழு நிரம்பிப்போச்சு. இண்டைக்குத்தான் கடைசி நாள். விட்டால் வாற வருசம்தான்."

பள்ளிக்கூடத்தின் பெரிய மண்டபத்தைப் பட்டாளம் எடுத்துப் பெட்டி அடுக்கி வைத்திருந்தது. பிள்ளைகளுக்குப் பின்வளவில் கிடுகு வேய்ந்த கொட்டில். கொட்டிலில் இருக்க எத்தனை வாங்கு போடலாமோ அத்தனை பிள்ளைதான். வயதுக்கும் ஒரு பரீட்சை வைத்திருந்தார் தலைமை வாத்தியார் சோமசேகரம். ஓடிய ஓட்டத்தில் பாதிக் குடும்பங்களிடம் பிறப்புப் பத்திரம் இல்லை, சீதேவியிடமும் இல்லை. ஆகவே பழைய வழக்கப்படி பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலால் விட்டு இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் என்ன சொன்னாலும் ஐந்து வயது இல்லை.

இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து இரத்தினேஸ்வரி ஒவ்வொரு பின்னேரமும் கிணற்றடியில் மங்கையை நிறுத்தித் தொடப் பழக்கினாள். "எங்க காது? பிடி காதை!" என்பதும், இருவரும் சிரிப்பதும் குசினிக்குள் கேட்கும். பிள்ளைக்கு நீண்ட கை. இரண்டாம் நாளே காதைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டது. அதனால் அந்தப் பரீட்சையைப் பற்றிச் சீதேவிக்குக் கவலை இருக்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் கவலை.

கொண்டையோடு மங்கை வெளியே வந்தது. தலையை அசைக்கப் பயந்து, தண்ணீர்க்குடம் சுமப்பதுபோல நடந்தது. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த இரத்தினேஸ்வரி விளக்குமாறோடு நிமிர்ந்தாள். கண் நேரே கொண்டைக்குப் போனது.

"அக்கா..."

"என்ன?"

"வடிவாத்தான் கிடக்கு. ஆனால் கொண்டை கொஞ்சம் உயரம்போல. பிள்ளை கையை..."

"என்ர பிள்ளைக்கு எவ்வளவு உயரத்தில கொண்டை போடுறதெண்டு எனக்குத் தெரியும்."

இரத்தினேஸ்வரி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். மெல்லிய குரலில், "நானும் ஒருக்கா வரட்டே அக்கா? வாசல்மட்டும்" என்று கேட்டாள்.

"என்னத்துக்கு? பள்ளிக்கூடம் என்ன தேர்த்திருவிழாவோ, வளவோட போறதுக்கு? நீர் வீட்டைப் பாரும்."

யோகராசா இருவரையும் பார்த்தான். அவன் துறைமுகத்தில் கனமான சாமான் தூக்குவதைப் பார்த்துப் பழகியவன். எந்தச் சங்கிலிக்குக் கீழே நிற்கக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். போய்ப் படலையைத் திறந்தான்.

சந்திவரைக்கும்தான் அவன் வந்தான். எட்டு மணிக்குள் டொக்யாட் வாசலில் பாஸ் காட்டவேண்டும். "நீ கவனமாச் சொல்லு, ஐப்பசியில பிறந்தது, ஐஞ்சு முடிஞ்சுதெண்டு" என்றுவிட்டு, பட்டாள லொறி ஒன்று கிளப்பிய புழுதிக்குள் மறைந்தான்.

தாயும் மகளும் நடந்தார்கள். ஒரு கையில் வெற்றிலை பாக்கு வைத்த தட்டு, மறு கையில் பிள்ளையின் கை. சீதேவிக்கு மனம் நிறைந்திருந்தது. தெருவில் வந்த இரண்டு வெள்ளைக்காரக் கடற்படைக்காரர்கூடக் கொண்டையைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்துத் தொப்பியைத் தொட்டார்கள்.

"சின்னம்மா வரமாட்டாவோ?" என்றது மங்கை.

"மாட்டா."

"பிறகு வருவாவோ?"

"நான் வந்திருக்கிறன்தானே? பிறகென்ன?"

பிள்ளை அதை யோசித்தது. "நீங்களும் இருங்கோ. சின்னம்மாவும் வரட்டும்" என்றது, ஒரு பெரிய சலுகை கொடுப்பதுபோல. சீதேவிக்கு நிறைந்திருந்த மனத்தில் ஒரு ஓட்டை விழுந்தது.

கொட்டிலின் முன்னே ஏழு பிள்ளைகள் வரிசையில் நின்றன, மங்கை மூன்றாவது. பின்னால், வரிசைக் கடைசியில் நின்ற பருத்த பெண் ஒருத்தி வியந்துபோய், "இதென்ன தங்கச்சி, கலியாணப் பொம்பிளை மாதிரியெல்லோ வெளிக்கிடுத்தி இருக்கிறீங்கள்! ஆர் கட்டினது?" என்றாள்.

"நான்தான்" என்றாள் சீதேவி. எத்தனை நாள் காத்திருந்த கேள்வி! "தாய் கட்டாமல் வேற ஆர் கட்டுறது?"

சோமசேகரம் வாத்தியார் மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். மெலிந்த மனிதர், கோட்டுக்கு மேல் சால்வை, முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பக்கத்தில் அரிவரி வகுப்புக்குப் புதிதாக வந்த இலட்சுமி ரீச்சர் பெயர் பதியும் இடாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது வயது இருக்கும். பிடரியில் சின்னதாக ஒரு கொண்டை போட்டிருந்தாள்.

முதல் பிள்ளை காதைத் தொட்டது. இருபத்தெட்டு. இரண்டாவது பிள்ளைக்கு எட்டவில்லை. தாய் பிள்ளையின் முழங்கையைப் பின்னால் நின்று மெல்லத் தள்ளியதை வாத்தியார் கண்டுபிடித்து இருவரையும் அனுப்பிவிட்டார்.

"பிள்ளைக்கு என்ன பெயர்?"

"மங்கையற்கரசி" என்றது மங்கை, தலையை அசைக்காமல்.

"நல்லது. எங்க, காதைத் தொடு பாப்பம்."

மங்கை வலது கையைத் தூக்கியது. பழகிய கை, பழகிய வழியில் போனது. கனகாம்பரத்தில் இடித்தது. பிள்ளை திகைத்து, கையை இன்னும் உயர்த்திச் சவுரிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. விரல் நுனி மறுபக்கத்தில் காற்றைத் துழாவியது. காதுக்கும் விரலுக்கும் இடையில் மூன்று விரற்கடை இருந்தது. மங்கை நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றது. இரண்டு கனகாம்பரம் உதிர்ந்து மேசையில் விழுந்தன.

"வயசு காணாது" என்றார் வாத்தியார். "வாற வருசம் கொண்டு வாங்கோ."

சீதேவிக்குக் காதுக்குள் சங்கு ஊதியது. "ஐயா, ஐஞ்சு முடிஞ்சு மூண்டு மாசமையா! ஐப்பசியில பிறந்தது. வீட்டில ஒவ்வொரு நாளும் தொடுறவள்!"

"பத்திரம் இருக்கோ?"

"ஓடேக்க விட்டிட்டம் ஐயா."

"அப்ப நான் எதை நம்புறது? எல்லாத் தாய்மாரும் இதைத்தான் சொல்லுகினம்."

அப்போது மங்கை, வாத்தியாருக்கு ஒரு விசயத்தை விளங்கப்படுத்துகிற குரலில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னது: "சின்னம்மா தலை பின்னினால் தொடுவன்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பருத்த பெண் மற்றவளிடம் திரும்பி, "அப்ப சின்னம்மாவையெல்லோ கூட்டிக்கொண்டு வந்திருக்கவேணும்!" என்றாள். சீதேவிக்கு அந்த இடத்திலேயே நிலம் வெடித்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. காலையில் முற்றத்தில் நின்ற இரத்தினேஸ்வரி பாதியில் விழுங்கிய பேச்சு இப்போதுதான் முழுதாக அவளுக்குக் கேட்டது.

"சேர், கொண்டையை அவிட்டிட்டுத் தொடச்சொல்லிப் பாப்பமே?" என்றாள் இலட்சுமி ரீச்சர்.

வாத்தியார் வரிசையைப் பார்த்தார். "இன்னும் நாலு பிள்ளையள் நிக்குது. இரண்டு இடம். ஆருக்காகவும் வரிசையை நிப்பாட்ட ஏலாது. அவிட்டுக்கொண்டு வாங்கோ. இடம் இருந்தால் பாப்பம்."

வேப்பமரத்தடிக்கு ஓடி, பிள்ளையை முன்னால் இருத்தி, சீதேவி அவிழ்க்கத் தொடங்கினாள். கனகாம்பரம் உடனே வந்தது. ஊசிகள் வரவில்லை. எண்ணெயில் வழுக்கின, வழுக்காதவை சவுரிக்குள் புதைந்து கிடந்தன. நாலு ஊசி எடுத்தபோது கொட்டிலில் இருந்து வாத்தியாரின் குரல் கேட்டது: "சரி. எழுதுங்கோ ரீச்சர்." இருபத்தொன்பது. ஒரே ஓர் இடம்.

நூலின் தலைப்பு எங்கே என்று தெரியவில்லை. காலையில் கோபத்தோடு போட்ட சுற்று ஒவ்வொன்றும் பிள்ளையின் மயிரையும் சேர்த்துக் கட்டியிருந்தது. இழுத்தாள். மங்கை "ஐயோ!" என்று அலறி, கண்ணீர் கொட்ட, "சின்னம்மா!" என்று அழுதது.

"இஞ்ச எங்கயடி சின்னம்மா?" என்று சீறிக்கொண்டு சீதேவி நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

வேலிக்கு அப்பால், தெருவில், இரத்தினேஸ்வரி நின்றாள். வந்து கனநேரம் என்று அவள் நின்ற நிலையே சொன்னது. இடுப்பில் ஒரு மரச்சீப்பு செருகியிருந்தது. கையில் இரண்டு துண்டு நாடா. இப்படித்தான் முடியும் என்று தெரிந்து, சீப்போடு வந்திருக்கிறாள்!

சீதேவிக்குப் போ என்று கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினால் அவள் போய்விடுவாள் என்றும் தெரியும். இன்று ஒருநாளைத் தவிர, சொன்ன சொல்லைத் தட்டாதவள். பிறகு நூல் அவிழாது. பிள்ளை இன்னும் ஒரு வருடம் வளவில் நிற்கும். அந்த ஒரு வருடமும், காலையில் இருந்து இரவுவரை, யாரோடு நிற்கும்? அதையும் சீதேவி அந்தக் கணத்தில் கணக்குப் பார்த்தாள். கொட்டிலில் ஒரு தாய் வாத்தியாரோடு வாதாடும் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு எட்டவில்லைப்போல. இனி இரண்டு பேர். அதில் ஒன்று தொட்டால் போதும்.

"என்னடி விடுப்புப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உள்ள வாவன்!"

இரத்தினேஸ்வரி சுற்றி வாசலால் வரவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து புகுந்து வந்தாள். சேலை கிழுவைக் கொப்பில் மாட்டிக் கிழிந்ததைத் திரும்பியும் பார்க்கவில்லை. மங்கையின் பின்னால் முழங்காலில் இருந்தாள். பிள்ளையின் அழுகை, ஊற்றிய தண்ணீர் நிலத்தில் சுவறுவதுபோல நின்றது. அவளுடைய முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டது. அந்தச் சாய்வைச் சீதேவி பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, நூலை இழுக்காதேங்கோ. நான் சவுரியைத் தூக்கிப் பிடிக்கிறன். நீங்கள் பல்லால கடிச்சு விடுங்கோ."

சீதேவி குனிந்து கடித்தாள். வெந்தயமும் எண்ணெயும் சாம்பிராணியும் மணத்த தலை. நூல் அறுந்தது. சவுரி கழன்று, செத்த அணில்போல இரத்தினேஸ்வரியின் கையோடு வந்தது.

"நீங்கள் அந்தப் பக்கம் பின்னுங்கோ. நான் இந்தப் பக்கம்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பின்னினார்கள். சீதேவி கொட்டிலைப் பார்த்துப் பார்த்துப் பின்னினாள். இரத்தினேஸ்வரியின் பின்னல் முடிந்து நாடா கட்டியும் ஆயிற்று; சீதேவியின் பின்னல் கோணிக்கொண்டு நின்றது. "காணும் அக்கா, எழும்புங்கோ!"

மூவரும் கொட்டிலுக்கு ஓடியபோது, கடைசிப் பிள்ளை கையை இறக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தியதற்கும் எட்டவில்லை, அதற்கும் எட்டவில்லை. அரை விரற்கடை. பருத்த பெண் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத் தின்னத் தந்ததெல்லாம் எங்கயடா போச்சு, கைக்குப் போகாமல்?" என்று ஏசியபடி வெளியே வந்தாள்.

"அவிட்டாச்சோ?" என்றார் வாத்தியார்.

மங்கை ஒருவரும் சொல்ல முன்னமே கையைத் தூக்கிவிட்டது. தலைக்கு மேலால் போன கை இடது காதைத் தொட்டது மட்டுமல்ல, காதுச்சோணையைப் பிடித்து இரண்டுதரம் இழுத்தும் காட்டியது. கிணற்றடிப் பழக்கம்.

வாத்தியாரின் முகத்தில் முதன்முறையாக ஒரு சிரிப்பின் சாடை தெரிந்தது. "போதும் போதும். காது கையோட வந்திடும். எழுதுங்கோ ரீச்சர். முப்பது." பேனையை மையில் தோய்த்துக்கொண்டே நிமிர்ந்து இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி கனகாம்பரமும் கண்ணீருமாக. மற்றவள் கிழிந்த சேலையும் சவுரியுமாக. "இதில தாயார் ஆர்?"

மங்கை வாயைத் திறந்தது. பிள்ளை என்ன சொல்லப் போகிறது?

"அக்காதான் தாய்" என்றாள் இரத்தினேஸ்வரி, பிள்ளையை முந்திக்கொண்டு. "சீதேவி யோகராசா. அப்பிடி எழுதுங்கோ சேர். நான் சும்மா துணைக்கு வந்தனான்."

இலட்சுமி ரீச்சர் எழுதினாள். சீதேவி அந்த எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நன்றி வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னே வேறொன்று வந்துவிட்டது. பிள்ளை தன் வாயால் சொல்லியிருக்கவேண்டிய சொல்லையும் இவள் சொல்லிவிட்டாளே! பெருந்தன்மையிலும் முந்திக்கொள்ளுகிறாளே! இப்படி ஒருத்தியை எதைக் கொண்டு வெல்லுவது?

வெற்றிலைத் தட்டை வாத்தியாருக்குக் கொடுத்துக் கும்பிட்டு நிமிர்ந்தபோது, இலட்சுமி ரீச்சர் மங்கையின் முன்னால் குந்தியிருந்தாள்.

"என்ன வடிவான பின்னல்! ஆர் பின்னினது?"

"இது அம்மா" என்று கோணல் பின்னலைத் தூக்கிக் காட்டியது மங்கை. "இது சின்னம்மா."

"ரெண்டு பேரோ! எனக்கு ஒருத்தரும் பின்னிறதில்லையே. வாறீரோ, உள்ளுக்குப் போய்ப் படம் பாப்பம்? யானைப் படம் இருக்கு."

ரீச்சர் சுண்டுவிரலை நீட்டினாள். மங்கை அதைப் பிடித்தது. பிடித்துக்கொண்டு போனது. அழவில்லை, சேலைத் தலைப்பைத் தேடவில்லை, வாசலைத் தாண்டும்போது ஒருதரம், ஒரே ஒருதரமாவது திரும்பிப் பார்க்கும் என்று இரண்டு பெண்களும் காத்து நின்றார்கள். பார்க்கவில்லை.

வேலிக்கு வெளியே வந்து இருவரும் நின்றார்கள். கிடுகு இடைவெளியால் உள்ளே தெரிந்தது. மங்கை முன்வாங்கில், ரீச்சருக்குப் பக்கத்தில், புத்தகத்தின்மேல் குனிந்திருந்தது. ரீச்சர் என்னவோ சொல்ல, பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கிணற்றடியில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"வந்து அரைமணித்தியாலம் ஆகேல்ல" என்றாள் சீதேவி. "என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?"

திரும்பிப் பார்த்தால், இரத்தினேஸ்வரி சவுரியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, உதடு கோணி நின்றாள். கிளிவெட்டியில் பதினேழு மாதம் வைத்திருந்து, லோஞ்சு இறங்குதுறையில் பிடித்துத் தள்ளிவிட்டபோது இந்த முகம் எப்படி இருந்திருக்கும்? சீதேவி அன்று பிள்ளையைத்தான் பார்த்தாள், இவளைப் பார்க்கவில்லை.

"அந்த ரீச்சர் பிள்ளையை என்ன மந்திரம் போட்டு மயக்கினவ?" என்றாள் இரத்தினேஸ்வரி கடைசியில். "வாங்கில தனிய இருத்தாமல் தனக்குப் பக்கத்தில இருத்துறா, பாத்தீங்களே அக்கா!"

"பாத்தனான். எனக்கு அவவைக் கண்டவுடனயே பிடிக்கேல்ல."

"எனக்கும்தான்."

அதுவரை இடுப்பில் செருகியிருந்த கனகாம்பரச் சரத்தைச் சீதேவி எடுத்துப் பார்த்தாள். பாதிப் பூ நசுங்கிவிட்டது. மிச்சத்தில் ஒரு துண்டைப் பிய்த்து இரத்தினேஸ்வரியிடம் நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினாள். "சேலை கிழிஞ்சுபோச்சு. வீட்ட வந்து தா, தைச்சுத் தாறன்."

அப்படிச் சொன்னாளே ஒழிய, பள்ளிக்கூடம் விடும்வரை இருவரும் அந்த வேலியை விட்டு நகரவில்லை.

மறுநாள் விடியற்காலை குசினி வாசலில் மங்கை நின்றது. சீதேவி ஒரு சீப்போடும் இரத்தினேஸ்வரி ஒரு சீப்போடும் வந்து சேர்ந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று இன்னும் பேசி முடிக்கவில்லை. "வலப்பக்கம் நேற்று நான்" என்றாள் ஒருத்தி. "அப்ப இண்டைக்கு நான்" என்றாள் மற்றவள்.

"எனக்குப் பின்னல் வேண்டாம்" என்றது மங்கை.

"ஏன் மகள்?"

பிள்ளை இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோய் வட்டமாகக் காட்டியது. "இலட்சுமி ரீச்சர் போட்டிருக்கிறாவெல்லோ, அந்த மாதிரிக் கொண்டை போட்டுவிடுங்கோ."

"ஏலாது!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

ஆளுக்கொரு பக்கமாக இருந்து பின்னத் தொடங்கினார்கள். அன்றைக்கு இரண்டு பின்னலும் தேவைக்கு மேலே கொஞ்சம் இறுக்கமாகத்தான் விழுந்தன.